கருமாதிக்கு ஒரு வீடியோ

“கருமாதிக்கு வீடியோ எடிட்டிங் எதுக்குக்கா? ஸ்லைட்ஷோ போதும்லா” என்றான் அஸ்லாம். மலேசியாவின் அலோர் காஜாவில் கல்யாண வீடியோ என்றால் அவன் கடைதான்.

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?” என்றாள் வந்தவள்.

“ஸ்லைட்ஷோன்னா போட்டோ கொடுத்தாப் போதும். ஒண்ணு கரைஞ்சு அடுத்தது வரும், பின்னால சோகமா ஒரு புல்லாங்குழல். மத்தியானமே முடிஞ்சிரும். எடிட்டிங்னா கேசட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி, வெட்டி, ஒட்டணும். பாதியில மெஷின் வேற நின்னு தொலைக்கும்.”

“தொலைக்கட்டும். ஸ்லைட்ஷோவுல ஆளு சும்மா நிக்கும். எனக்கு நடக்கணும், பேசணும், சிரிக்கணும்.”

“யாருக்குக்கா கருமாதி?”

“தேவமலர். எஸ்டேட்ல ஆளுங்ககிட்ட வேலை வாங்குற மண்டோர் பரமேஸ்வரன் மக. இருபத்து நாலு வயசு.”

“அடப் பாவமே! என்ன ஆச்சு?”

“கல்யாணம் பண்ணிக்கிட்டா.”

அஸ்லாம் விழித்தான். “சரி... அவங்க பேசுற கேசட் இருந்தா கொடுங்க.”

“கேசட் இல்ல. கேமராவை எடு, இப்பவே பேசுறேன்.”

“நீங்க எதுக்குக்கா?”

“நான்தான் தேவமலர். சாதி மாறிக் கட்டிக்கிட்டேன்னு அப்பா என்னைத் தலைமுழுகிட்டாரு. ஞாயித்துக்கிழமை ஊரைக் கூட்டி, என் போட்டோவுக்கு மாலை போட்டு, கருமாதி பண்றாராம்.”

கேமராவை எடுத்த அஸ்லாம் தயங்கினான். “உங்களை உள்ள விடுவாங்களா?”

“விட மாட்டாங்க. கேசட்டை டிவியில போடப் போறது எங்கம்மா.”

தேவமலர் தலையை நிமிர்த்திக்கொண்டு கேமரா முன்னால் வந்து நின்றாள்.

“ஓடுற படத்துக்கு எப்படி மாலை போடுறாருன்னு பார்த்துடுறேன்!”