ஷிஹானைக் கேள்

வீட்டில் பூனை வந்து சேர்ந்ததால் ஒரு சுண்டெலி கராத்தே கற்கப் போனது. பூனை அடித்தால் கையைத் தூக்கித் தடுக்கச் சொல்லிக்கொடுத்தது தவளை. அதன் கறுப்பு பெல்ட்டில் தகுதியைக் காட்டும் தங்கக்கோடு ஒன்றே ஒன்று. எல்லோரும் தவளையை சென்செய், அதாவது ஆசான், என்பார்கள்.

"சென்செய், கை இவ்வளவு உயரம் போதுமா? பூனை இன்னைக்கே வந்துடும்போல இருக்கு."

தவளை பூனையைப் பார்த்ததே இல்லை. "பெரிய ஆசான் ஷிஹானைக் கேளு. அவருக்கு எட்டுக் கோடு."

ஷிஹான் ஒரு ஆமை; நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. சுண்டெலி தூக்கிக் காட்டிய கையை அது பார்த்தது. முன்பு பூனை வந்தபோதெல்லாம் ஆமை தன் ஓட்டுக்குள் போனதோடு சரி. தனக்கு மேலே யாராவது உண்டா என்று தேடியது. சுவரில், பெல்ட்டில் பத்துக் கோட்டோடு, வகுப்பை ஆரம்பித்த சேவலின் படம் மட்டும் தொங்கியது. சேவலைப் பூனைதான் கொண்டுபோனது.

ஆமை எழுந்து படத்துக்கு ஆழக் குனிந்து வணங்கியது. தவளையும் அவசரமாகக் குனிந்தது. வகுப்பே குனிந்தது.

"நீயும் குனி," என்று கிசுகிசுத்தது தவளை.

சுண்டெலி தூக்கிய கையை இறக்கவில்லை. ஜன்னலில் பூனை உட்கார்ந்து, குனிந்த முதுகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தது.