குடிலுக்கு மண்

சிமெண்ட் சாக்குத் தாளைக் கசக்கி விரித்தான். மலையாகிவிட்டது.

விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை.

தாளில் பச்சையும் காவியும் பூசினான். தென்னை ஓலையால் கூரை வேய்ந்தான். பத்து நாட்களுக்கு முன் சிரட்டைகளில் விதைத்த கேழ்வரகு விரல் உயரம் முளைத்திருந்தது. மலையடிவாரத்தில் வைத்ததும் புல்வெளி வந்துவிட்டது.

நாளை கிறிஸ்துமஸ்.

சுனாமிக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் குடில் கட்டியதில்லை. இருபது டிசம்பர்கள் அப்படியே போயின. இந்த வருடம் ஏழு வயது மகள் செரின் விடவில்லை.

"எல்லா வீட்டுலயும் இருக்கு. நம்ம வீட்டுல மட்டும் ஏன்ப்பா இல்ல?"

அதனால் கட்டினான்.

ஒன்றை மட்டும் மாற்றினான். கடற்கரை மணல் வேண்டாம். கொத்தனாரிடம் கேட்டு அரைச் சாக்கு எம்-சாண்ட் கொண்டுவந்தான்.

கடைசிக் குடிலை அவனும் தம்பி சூசையும் சேர்ந்து கட்டியிருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் ஓர் ஆடு புகுந்து மணலைக் கலைத்துவிட்டது. அவனுக்குப் பன்னிரண்டு வயது. எழச் சோம்பல். பாயில் படுத்தபடியே வாளியைக் காலால் தள்ளினான்.

"போய் அள்ளிட்டு வாடே."

சூசை போனான்.

வாளிகூடக் கிடைக்கவில்லை.

சூசை விளையாடப் போயிருந்தான் என்றுதான் ஊர் நம்பியது. அம்மா அதை நம்பியே செத்தாள். மனைவி பிரின்சியிடமும் அவன் அதையே சொல்லியிருந்தான்.

புதிய சுரூபங்களைப் பெட்டியிலிருந்து எடுத்தான். மாதா. இடையர்கள். சூசையப்பரைத் தொட்டதும் கை நின்றது.

வீடு சத்தமில்லாமல் இருந்தது.

"பிள்ள எங்க?"

"மண்ணு எடுக்கப் போயிருக்கு," என்றாள் பிரின்சி, அடுக்களையிலிருந்து. "நீங்க கொண்டுவந்தது சாம்பல் மாதிரி இருக்காம்."

செருப்பு போடவில்லை. சந்து முழுக்க ஓடினான்.

செரின் கரையில் குந்தியிருந்தாள். வாளி பாதி நிறைந்திருந்தது.

அவனுக்கு மூச்சு திரும்பியது.

"அப்பா, கடலப் பாருங்க. எவ்வளவு தூரம் போயிருக்கு!"

அலைச்சத்தம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நேற்றுவரை தண்ணீருக்குள் இருந்த பாறைகள் வெளியே கிடந்தன. வள்ளங்கள் சேற்றில் சரிந்திருந்தன. அதற்கும் அப்பால், மினுங்கும் ஈரத்தில், ஐந்தாறு பிள்ளைகள் சங்கு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

கரையில் நின்ற சிலர் போனில் படம் எடுத்தார்கள். வலையோடு உட்கார்ந்திருந்த ஒருவர் அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"பயப்படாதடே. இப்பல்லாம் மாசத்துக்கு ஒருக்க உள்ள போகுது. பொறவு தானா வரும்."

வரும்.

மகளைத் தூக்கி நிறுத்தினான். வாளியைப் பிடுங்கி வீசினான்.

"அம்மையக் கூட்டிட்டு மாதா கோயில் மேட்டுக்கு ஓடு. நிக்காத. திரும்பிப் பாக்காத."

"நீங்க?"

"ஓடு மக்கா!"

அழுதுகொண்டே ஓடினாள். சந்துக்குள் அவள் மறையும்வரை நின்றான்.

பிறகு கடலைப் பார்த்து நடந்தான்.

நடை ஓட்டமாயிற்று. கத்தினான். பிள்ளைகள் கையசைத்தார்கள். சேறு கணுக்காலைப் பிடித்தது. காலடியில் ஒரு மீன் துள்ளிக்கொண்டிருந்தது.

முதலில் ஒரு சிறுமியை எட்டினான். பாவாடையை மடித்து, நிறையச் சங்கு வைத்திருந்தாள். அவன் அவள் கையைப் பற்றி இழுத்ததும் சிணுங்கினாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு, மாமா."