கைக்குள் ஒரு காற்று

"அந்த ஜாய்ஸ்டிக்கைத் திருப்பி அனுப்பியாச்சா, இல்லையா?"

எடிட்டரம்மா போட்ட சத்தத்தில் ஆபீஸே திரும்பிப் பார்த்தது. கம்ப்யூட்டர் விளையாட்டுச் சாதனங்களை அக்குவேறு ஆணிவேறாக அலசி மார்க் போடும் பத்திரிகை அது.

"ஓட்டிப் பார்த்து எழுதறேன்னு நம்ம 'மீசை' சார் வீட்டுக்குக் கொண்டுபோய் ரெண்டு வாரமாச்சு, மேடம். மூணு நாளா லீவு வேற," என்றாள் பக்கத்து மேஜைக்காரி. "மனுஷன் சோறு தண்ணி இல்லாம விளையாடிட்டிருப்பார்."

விமான விளையாட்டுக்கான அந்தக் கைப்பிடி லேசுப்பட்ட ஜாய்ஸ்டிக் இல்லை. திரையில் விமானம் குலுங்கினால் பிடித்திருக்கும் கையும் குலுங்கும். எதிர்க்காற்று அடித்தால் கையையே தள்ளும். எல்லாம் உள்ளே இருக்கும் மோட்டார் செய்யும் வேலை.

மத்தியானமே எடிட்டரம்மா மீசையின் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டாக வேண்டும்.

கதவு திறந்தே இருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டார்.

மேஜை முன்னால் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தபடி மீசையின் மனைவி. பன்னிரண்டு வருஷம் சரக்கு விமானம் ஓட்டியவள், மூன்று வருஷம் முன்பு பார்வை போய்விட்டது என்று ஆபீஸில் பேசிக்கொள்வார்கள்.

"இடப்பக்கம் காத்து தள்ளுது... சரி, சரி, பிடிச்சுட்டேன்," என்று அவள் தனக்குத்தானே பேசிக்கொண்டாள். திரையில் சாய்ந்த விமானம் நிமிர்ந்தது.

"இப்ப மேகத்துக்குள்ள நுழையுறேன்."

திரை முழுக்க வெள்ளை!

எடிட்டரம்மாவுக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. எத்தனை ஜாய்ஸ்டிக்கைப் பார்த்த கை! எதற்கும் ஏழுக்கு மேல் மார்க் போட்டதில்லை. கண்ணில்லாத ஒருத்தி வானத்தைக் கையால் பார்க்கிறாளே! கம்பிக்குள் இப்படி ஒரு காற்றை அடைத்தவன் மனுஷன்தானா? பத்துக்குப் பத்து. யோசிக்கவே வேண்டாம்.

ஓரடி உள்ளே வைத்தவர், அப்போதுதான் மேஜைக்கு அடியில் பார்த்தார்.

மீசை மண்டி போட்டிருந்தார். மேஜை விளிம்புக்கு வெளியே நீட்டி இறுக்கியிருந்த ஜாய்ஸ்டிக்கின் அடிமூடி கழன்று கிடந்தது. உள்ளிருந்து வந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, ஓரக்கண்ணால் திரையைப் பார்த்துப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

எடிட்டரம்மாவைப் பார்த்ததும் முகம் வெளிறியது. பேசாதீர்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

விமானம் தரையைத் தொட்டது. மீசை கம்பியைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "இறக்கிட்டேங்க!"

மூடியைச் சத்தமில்லாமல் மாட்டிவிட்டு மீசை வெளியே வந்தார். "எங்க எடிட்டரம்மா வந்திருக்காங்க," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, வாசலுக்கு அழைத்துப் போய்க் கிசுகிசுத்தார்.

"மோட்டார் நாலு நாள் முன்னாடி புகைஞ்சுபோச்சு, மேடம். அதுக்கு முந்தின நாள்தான் 'மறுபடியும் பறக்குறேங்க'ன்னு அழுதா. அவகிட்ட எப்படிச் சொல்ல? இன்னும் ஒரு வாரம் டைம் வாங்கிக் கொடுங்களேன்."

எடிட்டரம்மாவுக்குக் கொண்டுவந்த நாலு வார்த்தையும் மறந்துபோயிற்று. சரியென்று தலையை ஆட்டினார்.

மீசை தண்ணீர் எடுக்க உள்ளே போனார்.

"மேடம், கொஞ்சம் கிட்ட வாங்க." மனைவி குரலைத் தாழ்த்தினாள். "இதை இன்னிக்கே எடுத்துட்டுப் போயிடுங்க."

"ஏம்மா? நல்லாத்தானே பறக்கிறே?"

"அவருக்குத் தோள்பட்டை வீங்கிக் கிடக்கு. நானா வேண்டாம்னா, தெரிஞ்சுபோச்சுன்னு உடைஞ்சுபோயிடுவார். நீங்க கேட்டு வாங்கின மாதிரி இருக்கட்டும்."

"உனக்கு... எப்படித் தெரியும்?"

"பன்னிரண்டு வருஷம் பறந்திருக்கேன். காத்துக்கு எங்கேயாவது மூச்சு வாங்குமா, மேடம்?"