சுவருக்கு ஈரத்துணி

"வசந்தம் வந்திட்டுது" என்று சொல்லி, லொறி ஓட்டப்போன இடத்திலிருந்தே புவனேந்திரன் வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைத் தன் போன் மூலமே பதினெட்டு டிகிரியாகக் குறைத்துப் பூட்டிவிட்டான். வசந்தமாம். டொரொண்டோவில் வாசல் பனியே கரையவில்லை. விறைத்துப்போன அவன் மனைவி தயாபரி, பிரீசரிலிருந்த மீன் பையை எடுத்துவந்து, காய்ச்சல்காரனின் நெற்றியில் ஈரத்துணி போடுவதுபோல, சுவரிலிருந்த அந்தக் கருவிமேல் அழுத்திப் பிடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. புவனேந்திரன்தான்.

"என்னப்பா, வீடு ஆறு டிகிரி காட்டுது? தண்ணிக்குழாய் வெடிக்கப்போகுது."

"எனக்கென்ன தெரியும்? நீங்கள்தானே பூட்டினனீங்கள்."

சுவர்க் கருவியில் அவன் பூட்டிவைத்த பதினெட்டு தானாக இருபத்தைந்தானது. தரைத் துவாரத்தால் வரத்தொடங்கியிருந்த சூடான காற்று இப்போது இன்னும் பலமாகப் புஸ்ஸென்று கிளம்பி அவள் பாவாடையை ஊதியது. தயாபரி ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, பதமாக இளகியிருந்த மீனை வெட்டப் போனாள்.