முதல் கொடியின் தாகம்

பந்தலில் நூறு திராட்சைக் கொடிகள். தாகம் அளக்கும் கருவியைக் கைக்கு வாகாக இருக்கிறதென்று முதல் கொடியில் கட்டிவிட்டார் தோட்டக்காரர். அதற்குத் தாகம் எடுத்தால்தான் நூற்றுக்கும் தண்ணீர். அதன் காலடியிலோ குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது.

பதவி வந்ததும் முதல் கொடிக்குத் தலைகால் புரியவில்லை.

"அண்ணே, நாக்கு வறண்டு போச்சு. கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று கெஞ்சியது கடைசிக் கொடி.

"எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலையே! எல்லாம் உன் மனப்பிரமை" என்றது முதல் கொடி, ஈரத்தில் வேரை நீட்டியபடி.

சித்திரை முடிவதற்குள் தொண்ணூற்றொன்பதும் கருகின. தோட்டக்காரர் ஓடிவந்து பார்த்தார்.

"கருவின்னா இதுவல்லவா கருவி! கட்டின கொடி மட்டும் எப்படித் தளதளன்னு நிக்குது!"

முதல் கொடி அடக்கமாகத் தலையை ஆட்டிவிட்டு, இன்னொரு வாய் குடித்தது.