கேட்டவர் போடும் டிக்

தையற்காரம்மாவும் கணவரும் வேத வசனங்களை அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்துவந்தார்கள். ஒருவர் சொல்வார், மற்றவர் கேட்பார். பிழையில்லாமல் சொன்னால், கேட்டவர் அட்டையின் பின்னால் பச்சைப் பேனாவால் டிக் போடுவார். டிக் விழுந்த அட்டை, பெட்டியின் தினசரி அறையிலிருந்து வார அறைக்கும் பிறகு மாத அறைக்கும் நகரும். பிழை வந்தால் மறுநாளும் சொல்ல வேண்டும்.

கணவர் இறந்த பிறகு அவள் தனியாகவே சொன்னாள். கேட்க ஆளில்லாமல் நாற்பது அட்டைகள் தினசரி அறையிலேயே தேங்கின.

ஒரு காலை, ஏழு அட்டைகளில் பச்சை டிக் இருந்தது.

"நீயே போட்டுட்டு மறந்திருப்பேம்மா," என்றாள் மகள்.

"பச்சைப் பேனாவை அவர் சட்டைப் பையில வச்சுத்தானேடி அடக்கம் பண்ணினோம்?"

எல்லாம் மாத அறைக்குப் போய்விட்டால் அவர் மாதம் ஒருமுறைதானே வருவார் என்று அவளுக்குப் பட்டது. மறுநாளிலிருந்து ஒவ்வொரு வசனத்திலும் வேண்டுமென்றே ஒரு சொல்லை விழுங்கினாள். தேவ வார்த்தையை அப்படிச் சொல்வது தப்புதான். ஆனால் அவள்மேல் யார் கல்லெறிவார்? ஐந்து நாள் ஒரு டிக்கும் விழவில்லை. அவள் முகம் தெளிந்தது.

ஆறாம் நாள் தினசரி அறை காலியாக இருந்தது. நாற்பது அட்டைகளும் வார அறையைத் தாண்டி மாத அறையில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாகத் திருப்பினாள். பச்சை மை வரவர வெளிறிக்கொண்டே போனது. கடைசி அட்டையில் பேனா முனையின் வெறும் கீறல்தான் இருந்தது.