சங்கரி எண்ணிய ஸ்லைடு

கட்டித் துண்டில் கேஐ-67 ஆன்டிபாடியைச் சொட்டினால், பெருகிக்கொண்டிருக்கும் செல்கள் மட்டும் பழுப்பாகும். மற்றவை நீலமாக நிற்கும். காஞ்சிபுரத்தில் எங்கள் லேபில் பதினொரு வருடமாக அது என் வேலை. சங்கரி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டுப் பெண், பாவு இழை எண்ணிப் பழகிய கண் என்று பழுப்பை எண்ண டாக்டர் அவளையே கூப்பிடுவார். வியாழக்கிழமை, சாயம் ஏற்றவும் அவளே பழகட்டும் என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

பழக ஒரு துண்டு கொடுத்தேன். போன வருடம் என் கழுத்திலிருந்து எடுத்த மரு அது. அப்போது நூற்றில் இரண்டுதான் பழுப்பு. ஒரு வருடமாக மெழுகுக்குள் செத்துக் கிடந்தது. யாருடையது என்று அவளிடம் சொல்லவில்லை. அவள் குப்பியிலிருந்த ஆன்டிபாடியைக் கொட்டிவிட்டு வெறும் உப்புக் கரைசலை நிரப்பினேன். இனி ஒரு செல்கூடப் பழுப்பாக வழியில்லை.

சாயங்காலம் சங்கரி மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தாள்.

"நூத்துக்கு நாப்பது இருக்குதுக்கா."

நானும் எண்ணினேன். நாற்பது இருந்தது. டாக்டர் அவளைப் பாராட்டினார்.

மறுநாள் காலை அந்த ஸ்லைடை எடுத்துக் குப்பையில் போடப் போனேன். அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னிக்கு அறுபது. எண்ணிக்கினு இருக்கும்போதே ஏறுதுக்கா. யாருது இது?"

"தெரியாது" என்று சொல்லி, துப்பட்டாவை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டேன்.